வல்லை வெளியில் 68 குதிரைகள்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ-40 'சோமசெற்'றைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்தப் புகழுக்கு அது தகுதியானதுதான். நான் எழுத வந்தது, அதே காலத்தில் அதே சந்தியில் நின்று, கூடுதல் வலுவைத் தேடிப்போன இன்னொரு காரைப் பற்றி. உடுப்பிட்டிச் சந்தியில் வாடகைக்கு ஓடிய, என் சித்தப்பாவின் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் அது.

அக்கால ஆங்கிலேயக் கார்களின் வலு மிகச் சிறியது. ஏ-40 என்ற பெயரில் உள்ள 40, அதன் எஞ்சினின் குதிரைவலுவைக் குறிப்பது. (அதற்கு முந்திய 'ஒஸ்ரின் செவின்' காரின் ஏழு, வரி அறவிடுவதற்காக ஒரு சூத்திரத்தில் கணித்த எண். உண்மை வலு அதைவிடக் கூட.) சித்தப்பாவின் மைனரில் இருந்தது 948 சி.சி. எஞ்சின், வலு 37. மாட்டு வண்டியும் சைக்கிளும் போய்வந்த வடமராட்சி வீதிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அறுபதுகளில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகிப் புதுக்கார் இறக்குமதி அருகியதால், இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓடப் பழகிக்கொண்டோம்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் மூன்று கார் பிடித்த குடும்பங்கள் ஒரு வான் பிடித்தன. வல்லை வெளியில் அந்த வான்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப்போவதைச் சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. மானப் பிரச்சினை என்று நாங்கள் சிரித்தோம். அவருக்கு அது வயிற்றுப் பிரச்சினை என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

1982இல் கொழும்பிலிருந்து ஒரு பழைய டற்சன் 1200 எஞ்சின் வந்து இறங்கியது. 1171 சி.சி., ஏறத்தாழ 68 குதிரைவலு. இலங்கை முழுவதும் மைனர்காரர்கள் விரும்பிப் பூட்டிய எஞ்சின் அது. சின்னம்மாவின் காப்புகள் அடைவு கடைக்குப் போயின. எஞ்சினின் விலை மட்டுமே கணக்கில் இருந்தது. ஆனால் எஞ்சின் தனியாக வருவதில்லை. அதனோடு அதன் கியர்பெட்டியும் வந்தது, அது இருக்க இடமில்லாமல் காரின் தரையை வெட்ட வேண்டியிருந்தது, பின் அச்சுக்குப் போகும் தண்டை அளவு மாற்றி ஒட்ட வேண்டியிருந்தது, றேடியேற்றரும் மாறியது. வாகனப் புத்தகத்தில் பழைய எஞ்சின் இலக்கமே பதிவில் இருந்ததால், பின்னாளில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அரை மணி நேரம் விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

முதல் ஆறு மாதமும் ஊரே வியந்தது. பிறகு ஒரு நாள் நெல்லியடியில் பின் அக்சில் முறிந்தது. மாற்றினார், அடுத்த வருடம் மறுபக்கம் முறிந்தது. 37 குதிரைகளுக்கு வார்த்த இரும்பில் 68 குதிரைகளைக் கட்டினால் வேறென்ன நடக்கும்?

இங்கே, சித்தப்பாவோ அந்தக் கராஜ்காரரோ அறிந்திராத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1962இல் மொறிஸ் தொழிற்சாலையே மைனரின் வலுவைக் கூட்டியது. 1098 சி.சி. எஞ்சின் போட்டு 37ஐ 48 ஆக்கினார்கள். கூட்டியது வெறும் 11 குதிரைகள்தான். அதற்காக அவர்கள் முன் பிறேக் ட்றம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள்; கிளச்சைப் பெரிதாக்கினார்கள்; பின் அச்சின் பற்சக்கர விகிதத்தையும் மாற்றினார்கள். 11 குதிரைக்குத் தொழிற்சாலை கொடுத்த விலை அது. நாங்கள் 31 குதிரைகளைக் கூட்டிவிட்டுப் பழைய 7 அங்குல ட்றம்மோடு வல்லை வெளிக்குப் போனோம்.

கணக்கு எளிது. மணிக்கு 40 மைலில் ஓடும் காரை 60 மைலில் ஓடவிட்டால், நிறுத்தும்போது பிறேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு. 1984 மார்கழியில், மழை விட்ட ஒரு மாலை, பாலம் கடந்து வந்துகொண்டிருந்தபோது மாடுகள் வீதியேறின. சித்தப்பா பிறேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. விலத்தி வெளிக்குள் இறக்கினார். பின்னால் இருந்த மூவருக்கும் சிராய்ப்புதான். அவருடைய வலது முழங்கால் உடைந்தது; அதன்பிறகு அவர் நேராக நடந்ததை நான் பார்க்கவில்லை. பெரிய ட்றம் தேடி வாங்கிப் பூட்டியது அதற்குப் பிறகுதான்.

உண்மையான கணக்குத் தீர்ப்பு 1990இல் வந்தது. அந்த ஆனியில் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. போத்தல் கணக்கில் கறுப்புச் சந்தையில் கிடைத்த பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் குழாய்வழி காபரேற்றருக்கு விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடும் வித்தையை நம்மவர்கள் கண்டுபிடித்தார்கள். மண்ணெண்ணெய், அழுத்தத்தில் வேளைக்கு முந்தியே வெடித்து எஞ்சினைத் 'தட்ட' வைக்கும் எரிபொருள். ஏ-40இன் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7.2, அது புகைத்து, இருமி, ஆனாலும் ஓடியது. டற்சனின் விகிதம் 9. அதன் வலுவின் இரகசியங்களில் அதுவும் ஒன்று. அதே இரகசியம் இப்போது அதைக் கொன்றது. இரண்டு மாதத்தில் பிஸ்ரன் ஓட்டையானது.

ஊர் நோயாளர்களையும் பிள்ளைப்பேற்றுக்காரிகளையும் மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை, சித்தப்பா ஏளனம் செய்த கிழட்டுச் சோமசெற்றுகளே. அவருடைய கார் கிடுகுக் கொட்டிலில் நின்றது. ஒருநாள் இரவு பக்கத்து வளவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டபோது, சந்தியில் நின்ற இரண்டு சோமசெற்றும் ஏற்கெனவே ஓட்டத்தில் இருந்தன. சைக்கிள் கரியரில் இருத்தித்தான் கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் தப்பியது அதிர்ஷ்டம். மறுநாட் காலை சித்தப்பா கராஜ்காரரைக் கூட்டிவந்தார்.

கொட்டில் மூலையில் சாக்குச் சுற்றிக் கிடந்த பழைய 948, நல்லவேளையாகக் குறைந்த அமுக்க விகித வகை. அதை மீண்டும் ஏற்ற, வெட்டிய தரையில் தகரம் வைத்து ஒட்ட வேண்டியிருந்தது. பழைய கியர்பெட்டியை வேறொருவரிடம் கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது. சின்னம்மாவிடம் அப்போது அடைவு வைக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கடனாகவே செய்தார்கள். 1991 தொடக்கம் அந்தக் கார் மண்ணெண்ணெய்ப் புகையோடு மந்திகைக்கு எத்தனை தடவை போய்வந்தது என்று யாரும் எண்ணவில்லை. பெரிய ட்றம்மை மட்டும் அவர் கழற்றவில்லை.

2002 சித்திரையில் ஏ-9 வீதி திறந்ததும் தெற்கிலிருந்து பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்தார்கள். டற்சன் எஞ்சினைத் தராசில் ஏற்றி நிறைக்குக் காசு கொடுத்தார்கள். சித்தப்பா அதை எண்ணிப் பார்க்காமலே சின்னம்மாவிடம் நீட்டினார்.