வலி தெரியாத கை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லுக்குள் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கம்பியின் சிவப்பு மங்கிவிட்டால் அது ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. கையுறையின் கிழிசலில் விரல் நுனி பட்டால் போதும், கை வெடுக்கென்று பின்னால் வந்துவிடும். "சுட்டுடுச்சுண்ணே" என்ற சொல் அதற்கப்புறம்தான் வாயில் வரும்.

தண்டுவடத்தின் வேலை இது. விரலிலிருந்து கிளம்பும் சேதி உணர்ச்சி நரம்பு வழியே அங்கே போய்ச் சேர்கிறது. மூளையைக் கேட்டுக்கொண்டிராமல் தண்டுவடமே கையை இழுக்கச் சொல்லித் தசைக்கு உத்தரவு போடுகிறது. சூடு உறைப்பது ஒரு கணம் கழித்துத்தான். சரி, விரலிலிருந்து சேதியே கிளம்பாவிட்டால்?

அதற்கு விடை தேடிய கதை நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்குகிறது. திருவள்ளூர் 1997-ல் தனி மாவட்டமாகும்வரை கும்மிடிப்பூண்டியும் அதற்குள்தான் இருந்தது.

1947-ல் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு, நிபுணர் ராபர்ட் காக்ரேன் ஓர் இளம் அறுவை மருத்துவரை அழைத்துப் போனார். வேலூர் சி.எம்.சி.க்கு முந்தைய ஆண்டின் கடைசியில் வந்து சேர்ந்திருந்த பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான், ஆனால் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர்.

விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையை நீட்டி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்கவில்லை, அவ்வளவு பலம்! விரலை நிமிர்த்த முடியாத கைக்கு இறுக்குகிற பலம் எங்கிருந்து வந்தது?

பின்னர் செங்கல்பட்டில் இறந்த ஒரு நோயாளியின் உடலைப் பரிசோதித்தபோது காரணம் புரிந்தது. நரம்பு முழுக்கக் கெட்டுவிடவில்லை. தோலுக்கு மிக அருகில் ஓடி, உடம்பின் மற்ற பாகத்தைவிடக் குளிர்ந்திருக்கும் இடங்களில்தான் வீங்கிக் கெட்டிருந்தது: முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால். முழங்கை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு இவற்றில் ஒன்று. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும். முன்னங்கைத் தசைகள் பலவற்றுக்குப் போகும் கிளைகள் தப்பித்துவிடுவதால் அந்தத் தசைகளும் உயிரோடு இருக்கின்றன.

இருக்கும் தசையை இல்லாத தசையின் வேலைக்கு மாற்றினால் என்ன? பிராண்ட் செய்தது அதைத்தான். மோதிர விரலை மடக்கும் தசைநார்களில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் தைத்தார். கட்டு பிரித்த பிறகு நோயாளி மோதிர விரலை மடக்க நினைப்பார், அசைவதோ கட்டைவிரல். பழைய முகவரிக்கு எழுதிய உத்தரவு புது வீட்டுக்குப் போகிறது என்று மூளை பழகிக்கொள்ளும்வரை நாள் கணக்கில் பயிற்சி. கை வராது என்று கைவிடப்பட்டவர்கள் சோற்றைப் பிசைந்து உண்டார்கள். இந்த ஒன்றுக்காகவே அவரை நம் நாட்டு வரலாற்றில் வைத்துக் கொண்டாட வேண்டும் என்பேன்.

ஆனால் சரிசெய்த கைகளிலும் புண் வந்தது. 'குஷ்டம் விரலைத் தின்னும்' என்று ஊரே நம்பிய காலம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டில் பிராண்ட் திருப்ப முடியாத சாவியை ஒரு சிறுவன் வாங்கித் திருப்பினான். பூட்டு திறந்தது. தரையில் ரத்தம் சொட்டியது. விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தும் அவனுக்குத் தெரியவில்லை. நமக்கென்றால் தோல் அழுந்தும்போதே வலி, "விடு" என்றிருக்கும். நோய் விரலைத் தின்னவில்லை. காவலுக்கு இருந்த வலியைத்தான் தின்றது.

ராத்திரியில் படுத்து, காலையில் விரல் துண்டு குறைந்து எழுந்தவர்களும் இருந்தார்கள். கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது, உறங்குகிறவரின் கையை எலி கடித்துக்கொண்டிருந்தது. அவர் அசையவே இல்லை. அதன்பின் சிகிச்சை முடிந்து ஊர் திரும்புகிறவர்களோடு ஒரு பூனையையும் சேர்த்து அனுப்பினார் பிராண்ட்.