'டெக்'குக்காவது அனுப்புவோம்



ஓ.எல். பெறுபேறு வந்தால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்பது: "பிள்ளைக்குச் சரிவரல்ல, டெக்குக்காவது அனுப்புவோம்." அந்த 'ஆவது'தான் எங்களுக்கு உறுத்துகிறது.

மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது 1893இல். முந்திய வருடம் அதே மருதானையில்தான் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியான மத்ரஸா. அதற்கு முன்னின்ற வாப்பிச்சி மரிக்கார் யார்? கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தகாரர். கட்டடத் தொழில் தெரிந்தவர் நமக்குப் பாடசாலை தந்தார்!

1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் வந்ததும் இந்த 'டெக்'கிலிருந்துதான். 1964இல் பேராதனைக்குப் போனது. இங்கு நடந்த தொழில்நுட்பவியலாளர் பாடநெறிகள் 1960இல் கட்டுபெத்தைக்கு மாறின. அந்த இடமே 1978இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகம்.

இப்படியான நிறுவனங்களில் பெயர்ப்பலகை பணிப்பாளருக்கு. பட்டறைக்குச் சாமான் வந்ததா, பயிற்சிக்குக் கம்பனி கிடைத்ததா, வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் கோல் எடுப்பது, எல்லாம் உதவிப் பணிப்பாளர் தலையில்.

இன்று என்.வி.கியூ. 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த யுனிவோடெக் ரத்மலானையில். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் போனால் தூரமில்லை. எந்தக் கோர்ஸ் தமிழில் நடக்கிறது, எந்த மட்டம் வரை போகலாம் என்று பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் அந்த உதவிப் பணிப்பாளரிடமே கேளுங்கள்.