நாழிகை வழியும் வான் வழியும்

தொலைவை நேரத்தால் அளப்பது விமான யுகம் தந்த வழக்கம் எனக் கருதுவோர் உண்டு. தமிழில் அது மிகப் பழையது. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடங்களில், ஒருவர் நடந்து கடக்கும் தொலைவை 'நாழிகை வழி' என்றனர். ஏறத்தாழ ஒன்றரை மைல். அங்கே நடப்பவரின் கால்களே அளவுகோல். அளவுகோல் மாறினால் ஊர்களுக்கு இடையிலான தொலைவும் மாறும் என்பதற்குத் திருவனந்தபுரத்தின் வரலாறு நல்ல சான்று.

திருவனந்தபுரத்துக்கும் பம்பாய்க்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 1,250 கிலோமீட்டர். ஆனால் 1930களில் ரயிலேறியவருக்கு அந்த நேர்கோடு வாய்க்கவில்லை. 1904இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டைப் பாதை 1918இல்தான் திருவனந்தபுரத்தை எட்டியது. கொல்லத்திலிருந்து வடக்கே கோட்டயம் வழியாக எர்ணாகுளத்துக்கு 1958 வரை தொடர்ச்சியான ரயில் பாதை கிடையாது. எனவே ரயிலிலேயே வடக்கே செல்ல விரும்பியவர் முதலில் கிழக்கே திரும்பி, மலையைக் கடந்து, தென்காசி, மதுரை வழியாகத் தமிழ்நிலத்தைச் சுற்றியே போகவேண்டியிருந்தது.

இந்தச் சுற்றுவழியை வானம் நேராக்கியது. லெப்டினன்ட் கர்னல் கோத வர்ம ராஜாவின் முயற்சியால் 1930களில் திருவனந்தபுரத்தில் விமான நிலையம் உருவானது. 1935 நவம்பர் 1 அன்று டாடா நிறுவனத்தின் விமானம் அங்கிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. அந்த 'ஃபாக்ஸ் மாத்' ஒற்றை இயந்திரம் கொண்ட சிறு விமானம். பயணிகள் மூடிய அறையில் அமர, விமானி அவர்களுக்குப் பின்னே திறந்த இருக்கையில் காற்றை எதிர்கொண்டு ஓட்டினார். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இடையில் இறங்கும் நேரத்தைச் சேர்க்காமலே எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். இன்று அதே தொலைவு இரண்டு மணி நேரம்.

அவ்விமானம் சுமந்தது திருவிதாங்கூர் அரசின் 'அஞ்சல்' பைகளை. மணி கட்டிய கோலுடன் ஓட்டக்காரர்கள் ஊர் ஊராகக் கொண்டுசென்ற கடிதங்கள், அன்று வான்வழி சென்றன. 1951இல் அந்தத் துறை இந்திய அஞ்சல் துறையுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. சொல்லோ தமிழில் இன்றும் வாழ்கிறது.

முதல் விமானம் புறப்பட்டுச் சரியாக 21 ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் தமிழகத்துடன் இணைந்தன. எல்லை மாறியது; வழி மாறவில்லை. குமரி மாவட்டத்துக்கென விமான நிலையம் இல்லாததால், வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் செல்லும் அம்மாவட்டத்தவர் பலருக்கு இன்றும் திருவனந்தபுரமே வாசல்.

நாகர்கோவிலிலிருந்து அந்த வாசலுக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். சாலை நெரிசல் மிகுந்தால் அதற்கே இரண்டு மணி நேரம் ஆகிறது. அங்கிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். தாயின் இறுதிச் சடங்குக்கு ஊர் திரும்பும் தொழிலாளிக்கோ இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. விடுப்பு கிடைக்கும் நாளும் பயணச்சீட்டின் விலையுமே அவருடைய தொலைவை அளக்கின்றன. நாழிகை வழியில் நடந்தவருக்குத் தம் கால்களாவது சொந்தமாக இருந்தன.