ஒற்றரா, தியாகியா?

போர்க்காலத்தில் மறைவான அமைப்பொன்றில் சேர்ந்த வீரனை எச்சொல்லால் குறிப்பது? இவ்வினாவை மலாயா வரலாறு நம்முன் வைக்கிறது.

1942 சனவரித் தொடக்கத்தில் சப்பானியப் படை கோலசிலாங்கூர்க் கரையில் இறங்க முயன்றது. பின்னர் ரப்பர் வாணிகம் முடங்கத் தோட்டத் தமிழர் வாழ்வு சீர்குலைந்தது.

அவ்வாண்டே பினாங்கில் இந்திய இளைஞர்க்குச் சப்பானியர் ஆதரவுடன் உளவுப்பயிற்சி அளிக்கப்பட்டது. மலாயாவில் பணியாற்றிய வக்கம் அப்துல் காதர் அதில் பயின்று, நீர்மூழ்கிக் கப்பலில் கேரளக் கரையடைந்து பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று அவரும் சத்தியேந்திர சந்திர பர்தன், அனந்தன் நாயர், பௌஜா சிங் ஆகியோரும் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

ஆங்கிலேயர் சட்டம் அவர்களை எதிரியின் கையாட்கள் என்றது. விடுதலை பெற்ற இந்தியா தியாகியர் எனப் போற்றியது. வள்ளுவரோ ஒற்றாடலுக்குத் தனி அதிகாரம் வகுத்து, ஒற்றரை அரசனின் கண் என மதித்தார்.

ஆயினும் யாருடைய கண்? பயிற்சியளித்த அதே சப்பானிய ஆட்சிதான் மலாயாத் தோட்டத் தமிழரைச் சயாம்–பர்மா இருப்புப்பாதைப் பணிக்கு அனுப்பியது. அவருள் பல்லாயிரவர் மாண்டனர். எனவே இளைஞரின் தியாகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், தோட்டத் தமிழரின் சாவையும் அதே பாடத்தில் கற்பித்தல் வேண்டும். ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொன்னால் சொல் நிற்கும், பொருள் நில்லாது.