கிலுகிலுப்பை ஆட்டிய மந்தி

சிறுபாணாற்றுப்படையில் ஒரு குரங்கு வருகிறது. உப்பு விற்கும் உமணர்களின் வண்டிகளோடு ஊர் ஊராக வந்த மந்தி. கிளிஞ்சலுக்குள் முத்துகளைப் போட்டு மூடிக்கொண்டு, உமணப் பெண்கள் பெற்ற பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. இது நடப்பது பாண்டியரின் கொற்கையில். ஆனால் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவில் கிடக்கிற அதே இடைக்கழிநாடு. அதே பாட்டில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம்தான் இருந்தது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

சரி, அந்தப் பிள்ளைகளின் அம்மா எங்கே? உப்பைக் கூவி நெல்லுக்கு மாற்றும் உமணப் பெண்களைச் சங்கப் பாட்டுகளில் பார்க்கலாம். அவளும் அப்படித் தெருவில் இருந்திருப்பாள். கை சும்மா இருந்தது குரங்குக்கு மட்டும்தான் போல.

வீட்டில் கைக்குழந்தை வந்த பிறகு எனக்கு இந்தக் காட்சி அடிக்கடி ஞாபகம் வருகிறது. ராத்திரி 2 மணிக்கு அழுகையை ஒரு பக் மாதிரி பார்த்து, பசியா, ஈரமா, வயிற்று உப்புசமா என்று ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறோம். அழுகையின் வரலாற்றைப் படித்தால் இன்னொரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது: தூக்குவதற்கு யார் கை காலியாக இருக்கிறது?

கிரைப் வாட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிகளின் கண்டுபிடிப்பு என்றே பலர் நினைக்கிறோம். 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் வுட்வர்ட் என்ற மருந்துக்காரர் தயாரித்தது அது. கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் என்ற சதுப்பு நிலத்தில் பரவிய காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்திலிருந்து பிறந்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே 3.6 சதவீதம் ஆல்கஹால். பிரிட்டனில் அந்த ஆல்கஹாலை எடுத்தது 1992-இல்தான்!

அதே சதுப்பு நிலத்தில் இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. பெண்கள் கும்பல் கும்பலாக வயல் கூலிக்குப் போக, வீட்டிலிருந்த சிசுக்களுக்கு அபின் கலந்த மருந்து போனது. அங்கே குழந்தைகள் ஏன் இப்படிச் சாகின்றன என்று விசாரித்த மருத்துவர் ஹென்றி ஜூலியன் ஹன்டரின் அறிக்கை 1864-இல் வந்தது. மார்க்ஸ் அதை 'மூலதன'த்தில் எடுத்தாண்டார். பம்பாய் மில்களில் வேலை செய்த பெண்களின் குழந்தைகளுக்கும் அபின் கொடுக்கப்பட்டதை 1931-இல் விட்லி கமிஷன் பதிவு செய்தது. அம்மாக்கள் கொடூரமானவர்கள் என்பதல்ல விஷயம். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போக முடியாது.

வசதியான வீடுகளுக்கு வேறு உபதேசம். நியூஸிலாந்தின் ட்ரூபி கிங் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் என்றார். அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928-இல் குழந்தையைக் கொஞ்சாதே, மடியில் வைக்காதே என்று புத்தகமே எழுதினார். 'தூக்கித் தூக்கிப் பழக்கிட்டீங்க' என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், அதில் வாட்சனின் குரலும் கொஞ்சம் கேட்கிறது.

பிறகுதான் யாரோ அழுகையை உட்கார்ந்து எண்ணினார்கள். 1962-இல் பிரேசல்டன் 80 தாய்மாரைக் குறிப்பெழுதச் சொன்னார். ஆரோக்கியமான குழந்தைகளின் அழுகையே 6 வாரம் வரை ஏறி, நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரத்தைத் தொட்டு, அப்புறம் இறங்கியது. 1986-இல் ஹன்ஸிகரும் பாரும் ஒரு பகுதித் தாய்மாரைக் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். 6 வார வயதில் அந்தக் குழந்தைகள் 43 சதவீதம் குறைவாக அழுதன. (ஏற்கெனவே ஓயாமல் அழும் குழந்தைகளிடம் இது பலிக்கவில்லை. அதையும் பாரே எழுதினார்.) 2022-இல் ஜப்பானில் குரோடாவின் குழு சொன்ன முறை சுலபம்: 5 நிமிஷம் தூக்கிக்கொண்டு நட, தூங்கினதும் 5 முதல் 8 நிமிஷம் மடியில் வைத்து உட்கார், பிறகு கிடத்து. எங்கள் வீட்டில் பாதி நாள் பலிக்கிறது.

இதில் எல்லாமே கை கேட்கிற வேலை. தூளி ஓரளவு அந்தக் கைக்கு மாற்று. பழைய புடவை உடம்பைச் சுற்றி அணைக்கும், ஒரு உத்தரம் எடையைத் தாங்கும், வேறு வேலை செய்தபடியே காலால் கயிற்றை இழுத்து ஆட்டலாம்.

மரக்காணம் உப்பளத்தில் நின்று பார்த்தால் அந்த உத்தரத்துக்கு வழியில்லை. பாத்தி, வரப்பு, வாய்க்கால், உப்புக் குவியல். நடுவில் தூளி கட்ட ஒரு கிளை கிடையாது. வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிச் சுமந்தாக வேண்டும். தலையில் கூடை இருக்கும்போது இடுப்பில் பிள்ளை நிற்காது.

1961-இன் மகப்பேறு உதவிச் சட்டம், பிரசவத்துக்குப் பின் 6 வாரம் தெரிந்தே பெண்ணை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. சம்பளத்தோடு 26 வார விடுப்பு 2017-இல் வந்தது, ஆனால் அதைக் கேட்டு வாங்க ஒரு நிரந்தர முதலாளி வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவளுக்கு அந்த 6 வாரமாவது நிஜமாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அது முடிகிற வாரமும் பிரேசல்டனின் கோடு உச்சத்தைத் தொடுகிற வாரமும் ஒன்று.

அந்த வாரம் பிள்ளை பாட்டியிடம் இருக்கும். பாட்டியும் உப்பு வாரப் போகிறவள் என்றால் மூத்த அக்காவிடம். அக்காவுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று யாராவது கேட்க வேண்டும்.