நீதி வட்டமும் குடியானவரின் முறையீடும்



அரசியல் தத்துவம் என்றவுடன், அது கற்றறிந்த மேதைகளுக்கு மட்டுமே உரிய பொருள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். எழுத்தறியாத எளிய மக்களின் நாவிலும் அது குடியிருந்தது என்பதற்கு உஸ்மானியப் பேரரசின் வரலாறு சான்று பகர்கிறது.

'நீதி வட்டம்' என்பது தொன்மையான கோட்பாடு. ஆட்சிக்குப் படை தேவை. படைக்குப் பொருள் தேவை. பொருளோ குடிகளின் உழைப்பால் வருவது. குடிகள் தழைக்க நீதி வேண்டும். நீதியை நிலைநாட்ட ஆட்சி வேண்டும். தொடங்கிய இடத்திற்கே திரும்பி வருவதால் இது வட்டமாயிற்று. பாரசீக சாசானிய மன்னர்களின் பெயராலும், அரிஸ்டாட்டிலின் பெயராலும் வழங்கிவந்த இக்கருத்தை, 1377-ஆம் ஆண்டு 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் எடுத்தாண்டு, அநீதி நாட்டைப் பாழாக்கும் விதத்தை விரித்துரைத்தார்கள். 1560-களில் திமிஷ்க் நகரின் காஜியாக விளங்கிய கினாலிஸாதா அலீ (ரஹ்) அவர்கள், 'அக்லாகெ அலாயி' எனும் தம் துருக்கிய நூலின் இறுதியில் இதனை வட்ட வடிவிலேயே அமைத்துக் காட்டினார்கள்.

அனத்தோலியாவின் குடியானவர் இந்நூல்களை வாசித்தவரல்லர். எனினும் காஜியின் மன்றத்திலும், மக்கள்முன் வாசிக்கப்பட்ட சுல்தானின் ஆணைகளிலும் இக்கருத்து அவர் செவியை எட்டியது. அநீதி இழைக்கப்பட்டபோது, அவர் மனு எழுதுவோரை நாடித் தம் குறையை எழுதுவித்து, இஸ்தான்பூலின் திவான் சபைக்கு அனுப்பினார். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், யூதர்கள், ஆண்கள், பெண்கள் என அனைவரும் அவ்வாறு முறையிட்டனர். 1649 முதல் இம்முறையீடுகளுக்கென்றே தனிப் பதிவேடுகள் பேணப்பட்டன.

அம்மனுக்களில் அடிக்கடி ஒலிக்கும் குரல் ஒன்று உண்டு. முறையற்ற வரியைத் தடுக்காவிடில், நாங்கள் நிலத்தைத் துறந்து சிதறிவிடுவோம் என்பதே அது. பணிவான சொற்கள்தாம், ஆயினும் அவற்றுள் நீதி வட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உழுபவர் போனால் வரி போகும். வரி போனால் படை போகும். படை போனால் அரியணையும் போகும்!

அது வெற்று மிரட்டலன்று. 1603 முதல் 1610 வரை, கிளர்ச்சியாலும் கொள்ளையாலும் அனத்தோலியக் குடிகள் திரள்திரளாக ஊர்களைவிட்டு ஓடினர். 1609-இல் சுல்தான் முதலாம் அஹ்மத் நீதி ஆணை பிறப்பித்து, அதிகாரிகள் பரிவாரங்களுடன் கிராமங்களில் சுற்றிவந்து உணவும் பொருளும் பறிப்பதைத் தடுக்க முனைந்தார்.

இந்நம்பிக்கையில் ஒரு குறையும் இருந்தது. சுல்தான் நல்லவர், அதிகாரிகளே தீயவர்கள் என்று மக்கள் கருதியதால், பழி பெரும்பாலும் அரியணையைத் தீண்டாமலே போயிற்று. இருப்பினும், நீதி என்பது ஆள்வோர் மனமுவந்து இடும் தர்மமன்று, அவர்கள் தீர்க்க வேண்டிய கடன் என்பதை அம்மக்கள் தெளிவாக அறிந்திருந்தனர். தத்துவ மேதைகள் வட்டத்தை மேலிருந்து வரைந்தார்கள். குடியானவரோ அதைக் கீழிருந்து வாசித்தார்.

பேரரசுக்குப் பொருந்தும் இவ்விதி சிறிய நிர்வாகத்திற்கும் பொருந்தும். சந்தா செலுத்தும் எளியவரின் குறை செவிமடுக்கப்படும் வரையில்தான் ஒரு ஜமாஅத்தும் தழைக்கும். பொறுப்பு வகிப்போரும் கேள்வி கேட்போரும் இதனை நினைவில் இருத்துவோமாக! நீதியோடு நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.