கண்டிக் கலவரங்களும் காரணம் தேடிய வாதங்களும்

கண்டியையும் அதன் சுற்றூர்களையும் முஸ்லிம்களுக்கு எதிரான பெருங்கலவரம் இரண்டு முறை தாக்கியது. முதலாவது 1915 மே மாதத்தில். இரண்டாவது 2018 மார்ச்சில். இரண்டு முறையும், எரிந்த கடைகளில் புகை அடங்குவதற்கு முன்பே ஒரே வகையான குற்றச்சாட்டு எழுந்தது. மக்கள் படித்ததும் பார்த்ததும்தான் அவர்களை வன்முறைக்கு இழுத்துச் சென்றன என்பதே அது. 1915இல் பழி சிங்களப் பத்திரிகைகள் மீது விழுந்தது. 2018இல் பேஸ்புக் மீது விழுந்தது. வன்முறை நிறைந்த வீடியோ கேம்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா என்று உலகம் முழுவதும் நடக்கும் வாதத்தின் அடியிலும் இதே கேள்விதான் இருக்கிறது. கண்டியில் அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்களில் பெரும்பாலோர், தமக்கு வசதியான காரணத்தையே முதலில் கண்டார்கள்.

1915இன் கதை கம்பளையில் தொடங்குகிறது. வல்லஹாகொட பௌத்த தேவாலயத்தின் பெரஹரா ஊர்வலம் அம்பகமுவ வீதி வழியாக மேளதாளத்துடன் செல்வது பழைய வழக்கம். அந்த வீதியில் கரையோரச் சோனகரின் பள்ளிவாசல் எழுந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்த தமிழ் பேசும் முஸ்லிம்கள் அவர்கள். பள்ளிவாசலுக்கு முன்னால் மேளம் அடிக்கக்கூடாது என்று அவர்கள் கேட்டார்கள். 1912இல் அதிகாரிகள் அதற்கு இணங்கினார்கள். தேவாலயத்தின் நிர்வாகத் தலைவரான பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடுத்தார். 1815இல் கையெழுத்தான கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயச் சடங்குகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்பதே அவருடைய வாதம். கண்டி மாவட்ட நீதிபதியாக இருந்த போல் ஈ. பீரிஸ், வரலாற்றாசிரியரும்கூட, 1914 ஜூனில் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. நூறாண்டுக்கு முன் பிரித்தானிய முடியரசு கொடுத்த வாக்கை அதே முடியரசின் நீதிமன்றம் கைவிட்டது என்ற மனக்கசப்பு மலைநாட்டுப் பௌத்தரிடையே பரவியது. கலவரத்தின் வேர்களைத் தேடுபவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த வழக்கேட்டைத்தான்.

அந்தத் தீர்ப்பு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. மே 28ஆம் திகதி வெசாக் இரவில் கண்டி காசல் ஹில் வீதியில் பக்திப் பாடல் ஊர்வலம் ஒன்று பள்ளிவாசலை நெருங்கியது. கேலிக் கூச்சல் எழுந்தது, கல் பறந்தது, விடிவதற்குள் முஸ்லிம்களின் கடைகள் உடைக்கப்பட்டன. முஸ்லிம்கள் விகாரைகளைத் தாக்க வருகிறார்கள் என்ற வதந்தி பரவி, கலவரம் புகையிரதப் பாதையை ஒட்டிக் கொழும்பு வரை இறங்கியது. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 4,075 கடைகள் சூறையாடப்பட்டன. 86 பள்ளிவாசல்கள் சேதமடைந்தன. வானொலிகூட இல்லாத காலம் அது. வாயாலும் புகையிரதத்தாலும் சென்ற வதந்தியே இவ்வளவுக்கும் போதுமானதாக இருந்தது.

ஆளுநர் ரொபர்ட் சால்மர்ஸ் பாளி மொழியில் தேர்ந்த அறிஞர். ஆனாலும் தன் ஆட்சியின் கீழ் இருந்த பௌத்தரின் மனக்குறையை அவர் படிக்கவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், கலவரத்துக்குப் பின்னால் இராஜத்துரோகச் சதி இருப்பதாக அவருடைய நிர்வாகம் நம்பியது. ஜூன் 2 முதல் ஆகஸ்ட் 30 வரை இராணுவச் சட்டம் நடந்தது. எப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க போன்ற மதுவிலக்கு இயக்கத்தார் சிறை சென்றார்கள். ஹென்றி பெத்ரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அநகாரிக தர்மபாலவின் ‘சிங்கள பௌத்தயா’வும் பியதாச சிறிசேனவின் ‘சிங்கள ஜாதிய’வும் முடக்கப்பட்டன. கல்வியறிவற்ற கிராமத்தான் தானாக எதையும் செய்யமாட்டான், படித்த கிளர்ச்சிக்காரன் எழுதியதை நம்பித்தான் கல்லெடுக்கிறான் என்பது அந்த நிர்வாகத்தின் முடிவு. பெரஹரா வழக்கில் அரசு எடுத்த நிலையையும், வெசாக் இரவில் பொலிஸார் செய்த தவறுகளையும் மறைக்க அந்த முடிவு பெரிதும் உதவியது.

அதற்காக அந்தப் பத்திரிகைகளைக் குற்றமற்றவை என்று விட்டுவிடவும் முடியாது. முஸ்லிம் வியாபாரிகளை அந்நியர் என்றும் சுரண்டுபவர் என்றும் அவை பல ஆண்டுகளாக எழுதிவந்தன; அவர்களுடைய கடைகளில் பொருள் வாங்கவேண்டாம் என்றும் பிரசாரம் செய்தன. ஆனால் இதைச் சுட்டிக்காட்ட வேண்டிய மறுதரப்பு, வேறொரு சாய்வில் மூழ்கியிருந்தது. சட்டநிரூபண சபையில் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இராணுவச் சட்டத்தின் கொடுமைகளைத் திரட்டி 1916இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். நிரபராதிகள் பலருக்கு அவர் செய்த உதவி மிகப் பெரியது. எனினும், கடையையும் உறவையும் இழந்த முஸ்லிம்களின் துயரம் அந்த வாதத்தில் ஓரத்துக்குப் போய்விட்டது. இலங்கைச் சோனகர் இனவழியில் தமிழரே என்று 1888இல் அவர் வாதிட்டதும், அதை ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுத்து எழுதியதும் முஸ்லிம்களின் நினைவில் ஏற்கெனவே இருந்தன. 1915க்குப் பிறகு அந்தக் கசப்பு ஆறவே இல்லை.

பின்வந்த ஆய்வாளர்களும் தத்தம் துறையிலிருந்தே காரணம் கண்டார்கள். குமாரி ஜயவர்தன போர்க்கால விலையேற்றத்தையும் கொழும்புத் தொழிலாளரின் பங்கையும் முன்வைத்தார். அமீர் அலி 1981இல் முஸ்லிம்களின் வியாபார நிலையை வைத்து முழுக் கதையையும் மறுபரிசீலனை செய்தார். மைக்கல் ரொபர்ட்ஸ் மேள ஒலியையே ஒரு பண்பாட்டுப் போராட்டமாகப் படித்தார். இவர்களில் எவரும் சால்மர்ஸைப் போலத் தம் பதவியைக் காக்க எழுதவில்லை. ஆகவேதான் இவர்களுடைய விடைகளைச் சேர்த்துப் படிக்கும்போது, பத்திரிகை என்ற ஒற்றைக் காரணம் எவ்வளவு சிறியது என்பது தெரிகிறது.

இந்த இரண்டு கலவரங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஊடகம் வன்முறையை உண்டாக்குமா என்ற கேள்வி மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களுக்குள் போனது. 1954இல் மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம் படக்கதைப் புத்தகங்களே சிறுவர் குற்றத்துக்குக் காரணம் என்று எழுதி அமெரிக்காவை அதிரவைத்தார். அவருடைய குறிப்பேடுகளைப் பரிசோதித்த ஆய்வாளர் கரோல் டில்லி, வெர்தாம் சிறுவர்களின் கூற்றுகளை மாற்றியும் திரித்தும் பயன்படுத்தியதை 2012இல் வெளிப்படுத்தினார். 1983இல் பிலிப்ஸ் டேவிசன் என்ற சமூகவியலாளர் வேறொன்றைக் கவனித்தார். ஊடகம் தன்னைக் கெடுக்காது, பிறரைத்தான் கெடுக்கும் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். கண்டிக் கிராமத்தானைப் பற்றிச் சால்மர்ஸின் அதிகாரிகள் எழுதியதும் அதுவே.

வீடியோ கேம் ஆய்வுகளில் சாய்வு இன்னும் நுட்பமாகப் புகுந்தது. தொடர்பு இருப்பதாகக் காட்டும் கட்டுரைகள் எளிதில் அச்சேறின. எதுவும் கிடைக்காத ஆய்வுகள் மேசைக்குள்ளேயே கிடந்தன. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் இன்னொருவருக்கு எவ்வளவு உரத்த சத்தத்தைக் கேட்கவைக்கிறார் என்பதை அளந்துவிட்டு, அதை வீதி வன்முறையோடு ஒப்பிட்டார்கள். 2019இல் ஒக்ஸ்போர்ட்டின் அன்ட்ரூ பிரசிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் ஏறத்தாழ ஆயிரம் பிரித்தானியப் பதின்பருவத்தாரை ஆராய்ந்தார்கள். எதை, எப்படி அளப்போம் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டுத் தொடங்கிய அந்த ஆய்வு, வன்முறை விளையாட்டுக்கும் ஆக்ரோஷ நடத்தைக்கும் தொடர்பு காணவில்லை. கேமுக்கும் சிறு அளவு ஆக்ரோஷத்துக்கும் தொடர்பு உண்டு என்ற நிலையை அமெரிக்க உளவியல் சங்கம் 2020இலும் கைவிடவில்லை. ஆனால் கொலை போன்ற வன்முறைக்குக் கேமைக் காரணம் காட்டப் போதிய சான்று இல்லை என்று அப்போது தெளிவுபடுத்தியது.

கண்டிக்குத் திரும்புவோம். 2018 பெப்ரவரி 22 அன்று தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்டார். நான்கு நாள் கழித்து அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் காணொளியாகப் பரவியது; உணவில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று பின்னர் பரிசோதனை காட்டியது. சாரதி மார்ச் தொடக்கத்தில் உயிரிழந்தார். மார்ச் 4, 5ஆம் திகதிகளில் தெல்தெனியவிலும் திகனவிலும் தொடங்கிய தாக்குதல் மெனிக்ஹின்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று பரவியது. திகனவில் எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்துபோனார். மார்ச் 6 அன்று அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் தடைசெய்யப்பட்டன. பேஸ்புக்கின் தடை மார்ச் 15 அன்றுதான் நீங்கியது.

பேஸ்புக்கின் பொறுப்பு உண்மையானது. சிங்களத்தில் பரவும் வெறுப்புப் பதிவுகளைப் பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே அறிக்கை வெளியிட்டு எச்சரித்திருந்தது. கொலைக்கு அழைக்கும் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அவை தங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. சிங்களம் படிக்கத் தெரிந்தவர்களைப் போதிய அளவில் அந்த நிறுவனம் வைத்திருக்கவில்லை. சுயாதீன மதிப்பீடு ஒன்றை வெளியிட்டு 2020 மேயில் அது மன்னிப்புக் கேட்டது.

ஆனால் பேஸ்புக்கைத் தடைசெய்த அதே அரசின் காவல்படை அந்த நாட்களில் எங்கே நின்றது என்ற கேள்வி, அதே வேகத்தில் கேட்கப்படவில்லை. விசேட அதிரடிப்படையினர் திகனவில் பள்ளிவாசலில் இருந்தவர்களைத் தாக்கியதாகவும், உள்ளூர் அரசியல்வாதிகள் சிலர் கூட்டத்தோடு நின்றதாகவும் கண்காணிப்புக் கமரா காட்சிகளையும் சாட்சிகளையும் வைத்து ரொய்ட்டர்ஸ் மார்ச் இறுதியில் செய்தி வெளியிட்டது. ஊரடங்கு அமலில் இருந்தபோதும் கடைகள் எரிந்தன. கையடக்கத் தொலைபேசிச் செயலியின் மீது பழியைப் போட்டால் இந்தக் கேள்விகள் பின்தள்ளப்படும். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கும் அந்தக் கதை பொருந்திவந்தது. அமெரிக்காவில் பேஸ்புக்கின் மீது கோபம் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. தொலைதூர மலைநகரம் ஒன்று அந்தக் கோபத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இந்த வாதத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு பிழை உண்டு. கலவரம் நடந்த ஊரில் மட்டும் சென்று பார்த்தால், அங்கே பேஸ்புக் இருந்தது, வெறுப்புப் பதிவு இருந்தது, தீயும் இருந்தது. அதே பதிவுகள் நாடு முழுவதும் போயின. பெரும்பாலான ஊர்களில் ஒரு கதவுகூட உடைபடவில்லை. கண்டி மாவட்டத்திலேயே பிக்குகளும் சிங்கள அயலவர்களும் பள்ளிவாசலுக்குக் காவல் நின்ற இடங்கள் உண்டு. அவர்களுடைய கைகளிலும் அதே தொலைபேசிகள் இருந்தன. கொலைகாரன் கேம் விளையாடினான் என்று எழுதும்போது, விளையாடியும் யாரையும் தொடாத கோடிக்கணக்கானோர் கணக்கிலிருந்து விடுபடுவதும் இதே பிழையால்தான்.

கேமையும் திகனவையும் ஒன்றாக்குவதும் தவறு. கேம், கற்பனை எதிரியைக் காட்டுகிறது. 2018இன் பதிவுகள் உண்மையான ஊரையும் மக்களையும் சுட்டி, எங்கே கூடவேண்டும் என்று ஆட்களை அழைத்தன. அது காட்சியின் பாதிப்பு அல்ல, ஆள் திரட்டல். ஜெர்மனியில் இணையம் துண்டிக்கப்பட்ட வேளைகளில் அகதிகள் மீதான தாக்குதல் குறைந்ததாக ஆய்வாளர்கள் முல்லரும் ஷ்வார்ட்ஸும் கண்டார்கள். பொஸ்னியாவிலோ, பேஸ்புக்கை விட்டு விலகியிருந்தவர்களின் மனதில் மற்ற இனத்தார் மீதான மதிப்பு குறைந்ததாக 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு கருவி எல்லா மண்ணிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

கண்டிக்குப் பின்வந்த ஆண்டுகள் இதை உறுதிசெய்தன. கருத்தடைப் பொய் 2019 மேயில் மறுபடி கிளம்பியபோது, குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவரைக் குறிவைத்து அதைச் சொன்னது ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கம். 2020 மேயில் மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தன்னுடைய ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தைத் தூண்டுவதாகக் கூறிக் கைதுசெய்யப்பட்டார். வன்முறையை எதிர்க்கும் கவிதைகளும் அதில் இருந்தன. 2021 டிசம்பரில் பிணையில் வந்த அவரை 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. எழுத்துத்தான் வன்முறைக்குக் காரணம் என்ற நம்பிக்கை, அதைச் சரிபார்க்காதவர்களின் கையில் ஓர் இளைஞரின் பத்தொன்பது மாதங்களைப் பறித்தது.

2024 ஜனவரியில் நாடாளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பெப்ரவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பொய்ப் பதிவை எழுதுபவருக்கும் அதைத் தாங்கும் தளத்துக்கும் அச்சட்டம் பொறுப்பு விதிக்கிறது. கடை எரியும்போது பக்கத்தில் நின்று பார்த்த பொலிஸாரின் பொறுப்பைப் பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை.